பதினான்கு வண்டிகளில் ஒரு மனிதர்

இது நடந்தது எண்பத்தெட்டிலா, எண்பத்தொன்பதிலா என்று எனக்கும் என் கணவருக்கும் இன்னும் தகராறு உண்டு. எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய பங்குனி என்பது மட்டும் நிச்சயம். இடம், திருச்செங்கோடு. ஆட்டையாம்பட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய், போர்வெல் வண்டிகள் வைத்திருந்த ஒரு முதலாளியின் ஆபீசில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக நான் வேலை பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது.

கம்ப்யூட்டர் ஆபரேட்டர் என்று சொல்லிக்கொள்வதில் அன்று எனக்கிருந்த மிதப்பை நினைத்தால் இன்று சிரிப்பு வருகிறது. எங்கள் குடும்பத்தில் அத்தனை பேரும் தறியில் உட்கார்ந்தவர்கள். நான் ஒருத்திதான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, சேலத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டரும் படித்தவள். காலை பஸ் கண்டக்டர்கூட எனக்கு மட்டும் ஜன்னலோர சீட்டைக் காட்டுவார். தரையில் கால் பாவாமல் நடந்துகொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலாளிக்குப் பதினான்கு வண்டிகள். லாரிமேல் துளை போடும் இயந்திரம் ஒன்று, கம்ப்ரசர் லாரி ஒன்று, இரண்டும் சேர்ந்தால் ஒரு 'வண்டி'. பொங்கல் முடிந்து கிளம்பினால் மழைக்காலத்தில்தான் ஊர் திரும்பும். ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், பீகார் என்று எங்கே கிணறு வற்றினாலும் எங்கள் ஆட்கள் போய் நிற்பார்கள். ஒரு வண்டிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். ஒருத்தருக்குக் காய்ச்சல், ஒருத்தர் வீட்டில் விசேஷம் என்றால் வழியிலேயே ஒரு வண்டியின் ஆளை இன்னொரு வண்டிக்கு மாற்றிக்கொள்வார்கள். இப்போது எந்த ஊரில் இருக்கிறோம், வண்டியில் யார் யார் என்று பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஒவ்வொரு வண்டி மேனேஜரும் கடிதம் போடுவார். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை.

ஏற்றுவதற்கு நானே ஓர் ஏற்பாடு செய்திருந்தேன். கம்ப்யூட்டருக்குள் டைரக்டரி என்று ஒன்று உண்டு. வீட்டுக்குள் அறை, அறைக்குள் இன்னோர் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு ஓர் அறை. அதற்குள் மாநிலத்துக்கு ஓர் அறை. அதற்குள் ஊருக்கு ஓர் அறை. கடைசி அறையில் பட்டியல். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். முதலாளி தன் சொந்தக்காரர்களைக் கூட்டிவந்து காட்டுவார். இத்தனை ஒழுங்காக எல்லாம் உள்ளே போய்விட்ட பிறகு அந்தக் கடிதங்கள் எதற்கு என்று பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். நல்ல காரியம் செய்ததாகவே நினைத்தேன்.

அந்தப் பங்குனியில் ஒரு நாள் காலை ஒன்பது மணி இருக்கும். ஆபீசில் நானும் வாட்ச்மேனும் மட்டும்தான். முதலாளி கம்ப்ரசர் வாங்க ஐதராபாத் போயிருந்தார், எங்கே தங்கியிருக்கிறார் என்று அவர் வீட்டிலேயே தெரியவில்லை. முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் படியேறி வந்தார். முகமெல்லாம் வேர்வை, காலில் செருப்பு இல்லை. பக்கத்துக் கிராமத்தில் சத்துணவுக் கூடத்தில் சமையலுக்கு உதவி செய்பவராம். குழந்தைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நடந்தே வந்திருக்கிறார்.

"ஏனுங்க அம்மிணி, எங்க ஊட்டுக்காரரு எந்த ஊர்ல இருக்கறாருன்னு பாத்துச் சொல்லுங்க. கால் ஒடஞ்சு போச்சாமுங்க" என்றார்.

முந்தின நாள் சாயங்காலம் ஒரு லாரி டிரைவர் அவர்கள் ஊர் டீக்கடையில் சேதி சொல்லியிருக்கிறார். நாகபுரியைத் தாண்டி ஒரு ரோட்டோர ஓட்டலில் யாரோ வேறு வண்டிக்காரர்கள் பேசிக்கொண்டதை அவர் கேட்டிருக்கிறார். பைப் உருண்டு இன்னாருக்குக் கால் முறிந்துவிட்டது, ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், நாலைந்து நாளில் ஆபரேஷன். டிரைவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஊர் பெயர் அவருக்குத் தெரியவில்லை. அவர் அந்தப் பேச்சைக் கேட்டே மூன்று நாள் ஆகிவிட்டது.

நான் ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன். கால்தானே, ஆபரேஷன் பண்ணினால் சரியாகிவிடும் என்றேன். அவர் இடுப்புச் சுருக்குப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றிய ஒரு சீட்டை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். திருச்செங்கோட்டு டாக்டர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. இவருக்குப் பெனிசிலின் ஊசி எக்காரணம் கொண்டும் போடக் கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தது.

"மூணு வருசத்துக்கு முன்னால புண்ணுக்கு அந்த ஊசி போட்டாங்க. மொகமெல்லாம் வீங்கி, மூச்சு நின்னே போச்சுங்க. அந்த டாக்டரு கிட்டயே இருந்ததால பொழச்சாரு. அந்தச் சீட்ட எடுத்துட்டுப் போங்கன்னு ஒவ்வொருக்காவும் சொல்றனுங்க, கேக்க மாட்டாரு. ஊசி பேரும் அவருக்குத் தெரியாதுங்க, அந்த ஊர்ப் பாசையும் தெரியாது."

காலை முறித்துக்கொண்டு வருகிறவருக்குப் புண் சீழ் பிடிக்காமல் இருக்க ஆபரேஷன் சமயத்தில் போடுகிற ஊசியே அதுதான் என்று எனக்கே தெரியும். இன்றோ நாளையோ எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒரு டாக்டர் நல்ல மனதோடு அதைப் போட்டுவிடுவார்.

ஆனாலும் என் கம்ப்யூட்டர்மேல் எனக்கு அபார நம்பிக்கை. "கவலைப்படாதீங்க அக்கா, இப்பக் கண்டுபிடிச்சுடலாம்" என்று சொல்லி, அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். பெயரைக் கொடுத்தால் எல்லா அறைகளுக்குள்ளும் போய்ப் பார்த்து, அந்தப் பெயர் இருக்கிற பட்டியலையெல்லாம் திரையில் காட்டுகிற ஒரு சின்ன புரோகிராமை நானே எழுதி வைத்திருந்தேன். அதுவரை அதை முழுதாக ஓட்டிப் பார்த்ததில்லை. ஒன்பதரைக்கு ஓட்டினேன்.

பத்து மணி ஆயிற்று, பத்தரை ஆயிற்று. இயந்திரம் கரகரவென்று சத்தம் போட்டபடியே இருக்கிறது. திரையில் பெயர் வந்துகொண்டேதான் இருக்கிறது. அதுதான் வினையே. அவர் கணவரின் பெயர் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கும். ஊர் பெயரையும் சேர்த்து டைப் அடிக்கச் சோம்பல்பட்டு வெறும் பெயரை மட்டும் ஏற்றியவள் நான். எந்தப் பட்டியல் பழையது, எது புதியது என்றும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காமல் தெரியாது. தினமும் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் அது இன்று என்ன தேதி என்று கேட்கும். மெனக்கெட்டு யார் அடிப்பது என்று நான் என்டரைத் தட்டிவிடுவேன். அதனால் அதன் கணக்கில் எல்லாப் பட்டியலும் எண்பதாம் வருஷம் ஜனவரி ஒன்றாம் தேதி எழுதியவை. அந்தத் தேதியில் நான் பாவாடை தாவணி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் முதலாளி குடும்பம் மலைக்கோயிலுக்குப் போய்விடும். எனக்கு வேலை குறைந்த நாள். அன்றுதான் எல்லாப் பட்டியல்களுக்கும் ஒரு நகல் எடுப்பேன். பிளாப்பித் தகட்டில் எடுத்தால் பக்கத்து ரிப்பேர் ஷெட்டிலிருந்து வரும் கல்தூசியில் கெட்டுப்போகிறது என்று, அதே கம்ப்யூட்டருக்குள் ஒரு புது அறை திறந்து அதில் போட்டுவைப்பேன். பழைய நகலை அழித்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். வெள்ளிக்கிழமை எதையும் அழிக்கக் கூடாது, வெளியே கொட்டக் கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பான உத்தரவு. அவர் வீட்டில் அன்று குப்பையைக்கூட வாசலுக்கு வெளியே போட மாட்டார்கள். சனிக்கிழமை அழிக்கலாம் என்று நினைப்பேன், வேலை வந்து சேரும், மறந்துவிடுவேன். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் நகலாகச் சேர்ந்து கிடந்தது. என் புரோகிராமோ ஒரே பட்டியலை வெள்ளிக்கு ஒரு தடவை திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று காலை இது எனக்கு அரைகுறையாகத்தான் உறைத்தது. தேடுகிறது, தேடட்டும் என்று திரையையே முறைத்துக்கொண்டிருந்தேன். அந்த அக்கா இரண்டு மூன்று தரம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அம்மிணி, அந்தப் பச்ச வண்டில எங்க சின்னண்ணன்..."

"கொஞ்சம் பேசாம இருங்க அக்கா, மெஷின் தேடிக்கிட்டு இருக்குதில்ல?"

இதைத்தான் என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. ஒரு கோபமும் இல்லாமல் அவர் வாயை மூடிக்கொண்டார். இவ்வளவு பெரிய சாமான் தேடும்போது நான் குறுக்கே பேசுகிறேனே என்று அவருக்கே வெட்கம் வந்ததுபோல் தலையைக் குனிந்துகொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு எங்கள் பகுதியில் தினமும் கரண்ட் போகும், இரண்டு மணிக்கு வரும். அன்றைக்குப் பார்த்து கால் மணி நேரம் முன்பே போய்விட்டது. திரை கறுப்பாகிவிட்டது. இரண்டேகால் மணி நேரத் தேடல் ஒரு நொடியில் போயிற்று. எங்கே விட்டோம் என்று குறித்துக்கொள்ளக்கூட என் புரோகிராமுக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மறுபடி முதல் அறையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நான் அழுதுவிட்டேன். அடுத்தவர் கஷ்டத்துக்கு அழுதேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் பாதி அழுகை என் மானம் போன அழுகை. அந்த அக்கா எழுந்து வந்து, வாட்ச்மேன் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். மின்விசிறி ஓடவில்லை, ஆபீஸ் அடுப்பாகக் காய்ந்தது. செய்ய ஒன்றுமில்லை. அப்போதுதான் அவரிடம் பேசவே எனக்கு நேரம் கிடைத்தது.

"ஏனுங்க, அது உள்ள என்னதான் பண்ணுது?" என்று கேட்டார்.

"ஒவ்வொரு ரூமா நுழைஞ்சு அவரு பேரு இருக்குதான்னு பாக்குதுங்க."

"எல்லா ரூமுமா?"

"எல்லா ரூமும்."

தப்பாக நினைக்கக் கூடாது என்ற முன்னுரையோடு அவர் சொன்னார். "ஆடு காணாமப் போனா நாங்க அத்தன காட்டுக்குள்ளயும் நொழைய மாட்டமுங்க. வேலிய ஒட்டியே நடந்து வருவோம். வேலி பிரியாம இருந்தா அந்தக் காட்டுக்குள்ள எதுக்குங்க போறது? அடுத்த காட்டுக்குப் போயிருவோம். எங்க வேலி பிரிஞ்சிருக்குதோ அங்க மட்டுந்தான் உள்ள போயித் தேடறது."

எங்கள் பக்கத்தில் காடு என்றால் வயல்தான், மரம் அடர்ந்த காடு இல்லை. ஆடு மேய்க்கிற யாருக்கும் தெரிந்த விஷயம். எனக்குத்தான் தோன்றவில்லை. என் புரோகிராம் ஒவ்வொரு வாசலிலும் நின்று, உள்ளே போக அவசியம் உண்டா என்று கேட்காமல் எல்லாக் காட்டுக்குள்ளும் புகுந்து ஒவ்வொரு செடியாக விலக்கிப் பார்த்திருக்கிறது. சேலத்தில் ஆறு மாதம் படித்தபோது இதை எனக்கு யாரும் சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டேன். சொல்லியும் இருக்கலாம், நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன்.

பேப்பரும் பென்சிலும் எடுத்தேன். "அக்கா, அவரு எந்த வண்டில இருக்க மாட்டாருன்னு சொல்லுங்க" என்றேன்.

அவ்வளவுதான். காலையிலிருந்து அடக்கிவைத்ததெல்லாம் கொட்ட ஆரம்பித்தது. பொங்கலுக்குப் பின் கணவர் வழியிலேயே இரண்டு தடவை வண்டி மாறியிருந்தார், இப்போது எதில் என்றோ வண்டி நம்பரோ அவருக்குத் தெரியாது. கேபின் நிறமும், மேனேஜர் யார் மாமன் மச்சான் என்பதும் தெரியும். அதை நான் நம்பராக மாற்றிக்கொண்டேன்.

"ரெண்டு வண்டி இங்கயே செட்டுல நிக்குதுங்களே, வரும்போது பாத்தனே" என்றார் முதலில். எனக்குச் சுருக்கென்றது. ஜன்னலுக்கு வெளியே பத்தடி தூரத்தில் ரிப்பேருக்கு நிற்கிற வண்டிகளுக்குள்ளும் என் கம்ப்யூட்டர் அவரை அரை மணி நேரம் தேடியிருக்கிறது. இரண்டையும் அடித்தேன்.

"பச்சக் கேபினு வண்டில எங்க சின்னண்ணன் இருக்கறாருங்க. அங்க இருந்திருந்தா இந்தச் சேதி லாரிக்காரரு வாயில வராது, அண்ணனே தந்தி குடுத்திருப்பாரு." அதையும் அடித்தேன்.

இரண்டு வண்டிகளில் அவர் கணவரின் பங்காளிகள் துளை போடும் டிரில்லர்களாக இருந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் முறைத் தகராறில் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. "பட்டினி கெடந்தாலும் கெடப்பாரு, அந்த வண்டியில காலெடுத்து வெக்க மாட்டாருங்க" என்றார். இன்னும் மூன்று வண்டிகளுக்கு ஒரே ஊர் மேனேஜர்கள். தங்கள் ஊர் ஆளைத் தவிர வேறு ஆளை ஏற்ற மாட்டார்கள், மாற்று ஆளாகக்கூட எடுக்க மாட்டார்கள். எனக்கு இது எதுவும் தெரியாது. ஒரு வருஷமாக அந்தப் பெயர்களை டைப் அடித்தவள் நான்.

"ஆந்திரா வண்டியும் இல்லீங்க. அங்கிருந்தா மாசத்துக்கு ஒருக்கா ஆரு மூலியமாச்சும் அழுக்குத்துணி மூட்டை வந்துரும். தை மாசக் கடுதாசில குளுருல காது வலிக்குதுன்னு எழுதியிருந்தாரு. ஆந்திராவுல ஏதுங்க அந்தக் குளுரு?" ஆந்திராவில் மூன்று வண்டிகள். அவையும் போயின.

எண்ணிப் பார்த்தேன். பதினான்கில் பதினொன்று கழிந்து மூன்று வண்டிகள் மிச்சம். கரண்ட் இல்லாத அந்த இரண்டு மணி நேரத்தில் நாங்கள் தேடிய அளவு, கரண்ட் இருந்தபோது என் இயந்திரம் தேடவில்லை.

இரண்டு மணிக்கு வர வேண்டிய கரண்ட் இரண்டு இருபதுக்கு வந்தது. புரோகிராமில் நாலைந்து வரிகளைச் சேர்த்தேன். ஒவ்வோர் அறை வாசலிலும் முதலில் நில். இந்த மூன்று வண்டிகளில் ஒன்றாக இல்லாவிட்டால் உள்ளே போகாதே. வெள்ளிக்கிழமை நகல் என்றால் எட்டிக்கூடப் பார்க்காதே. அவசரத்தில் ஒரு வரியை மூன்று தரம் தப்பாக அடித்தேன். ஓட்டிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிஷத்துக்குள் தேடி முடித்துவிட்டது.

அந்தப் பெயரோடு ஏழு பட்டியல்கள். திறந்து உள்ளே எழுதியிருந்த தேதியைப் பார்த்தோம். கடைசியாக வந்தது ராஜஸ்தானில் பில்வாராவிலிருந்து. அதில் இருக்கிற ஆள் இவர்தானா, அதே பெயருள்ள வேறொருவரா என்று எனக்குச் சந்தேகம். கூட இருக்கிறவர்களின் பெயரை ஒவ்வொன்றாகப் படித்தேன். நாலாவது பெயரைப் படித்ததும் அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அவருதானுங்க எங்க ஊட்டுக்காரருக்குக் கடுதாசி எழுதிக் குடுக்கறவரு! அவரு எங்க இருக்கறாரோ அங்கதானுங்க இவரும்."

பட்டியலின் அடியில், அந்த ஊரில் எங்களுக்கு வேலை பிடித்துத் தரும் ஏஜென்டின் போன் நம்பர் இருந்தது. ஏதோ ஹார்டுவேர் கடை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு, வெளியூருக்குப் போடும் சாதாரண டிரங்க் கால் வேண்டாம், எல்லாவற்றுக்கும் முந்திப் போகிற லைட்னிங் கால் வேண்டும் என்றேன். கட்டணம் எட்டு மடங்கு, முதலாளியிடம் கேட்காமலே. கேட்க அவரும் ஊரில் இல்லை, வருவது வரட்டும் என்று துணிந்துவிட்டேன். மூன்று மணிக்குப் பதிவு செய்தது, நாலரைக்குத்தான் லைன் கிடைத்தது. அந்தப் பக்கம் கடைக்காரர் இந்தியில் ஏதோ கத்துகிறார். எனக்கோ இந்தி சுத்தமாகத் தெரியாது. அதுவரை எனக்குத் தோன்றாத விஷயம் இது! ஆங்கிலத்தில் கத்தினேன், அவருக்குப் புரியவில்லை.

நடுவில் லைனில் இருந்த டெலிபோன் ஆபரேட்டர் ஒரு பெண். அவர் குரல் குறுக்கிட்டது. "அழாதீங்கம்மா. என்ன சேதின்னு எங்கிட்ட தமிழ்ல சொல்லுங்க. நான் இந்தியில சொல்றேன்." எந்த ஊர் எக்ஸ்சேஞ்ச் என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை. நான் சொல்லச் சொல்ல அவர் சொன்னார். பெயர், கால் முறிந்தது, போடக் கூடாத ஊசி. பெனிசிலின், பெனிசிலின் என்று அவர் மூன்று தரம் அழுத்திச் சொன்னதும், கடைக்காரர் திருப்பிச் சொன்னதும் என் காதில் விழுந்தன. இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகிறாராம் என்று சொல்லிவிட்டு ஆபரேட்டர் லைனைத் துண்டித்தார். அந்த அம்மா எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

அதற்கப்புறம் இரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் ஆபீசுக்குத் தந்தி வந்தது. ஆபரேஷன் முடிந்தது, நலம் என்று இருந்தது. வாட்ச்மேனை சைக்கிளில் அனுப்பினேன். அக்கா அன்று மதியமே குழந்தைகளோடு வந்துவிட்டார். தந்தியை என்னைப் படிக்கச் சொல்லி நாலு தடவை கேட்டார்.

முதலாளி வந்து டெலிபோன் பில்லைப் பார்த்துத் திட்டுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். கதையைக் கேட்டதும் அவர் பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பழைய நகல்களை இனிமேலாவது அழிக்கலாமா என்று அந்தச் சாக்கில் மெல்லக் கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார். "வெள்ளிக்கெழம மட்டும் வேண்டாம் அம்மிணி. வியாழக்கெழமையே அழிச்சிருங்க."

அந்த மனிதரை நான் நேரில் பார்த்தது ஐப்பசியில். வண்டி திரும்பியிருந்தது. கையில் கோலோடு, காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்துப் படியேறினார். பின்னால் அக்கா. அவரிடம் நான் கேட்கப் பயந்திருந்த கேள்வி ஒன்று இருந்தது. நாங்கள் கூப்பிடாமல் இருந்திருந்தால் அந்த ஊசியைப் போட்டிருப்பார்களா, இல்லையா? நான் கேட்காமலே அவர் சொன்னார்.

"அந்த ஊசிக்கு மருந்துச் சீட்டு எழுதிக் குடுத்துட்டாங்க அம்மிணி. நம்ம பசங்களே கடைக்குப் போயி மருந்த வாங்கியாந்து என் தலமாட்டுல வச்சிருந்தாங்க. மறுநாள் காலைல ஆபரேஷனுக்கு முன்னால, ஆறு மணிக்குப் போடறதா இருந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலம் அந்தக் கடைக்காரரு ஓடியாந்தாருங்க."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கிளம்பும்போது அக்கா திரும்பி வந்து ஒரு காரியம் கேட்டார். "இவரு பேருக்குக் கீழ, இந்த ஊசி ஆகாதுன்னு உங்க மிசின்ல ஒரு வரி எழுதி வைங்க. எங்க போனாலும் கூடவே போகட்டும்." எழுதினேன். அன்று சாயங்காலம் உட்கார்ந்து, பதினான்கு வண்டி ஆட்களுக்கும் அந்த வரிக்கு இடம் ஒதுக்கினேன். என்ன ஆகாது, வீட்டில் யாரிடம் சொல்ல வேண்டும், எந்த ஊர். மழைக்கு ஊர் வந்திருந்தவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேட்டேன். ஆகாத மருந்து இருக்கிறவர்கள் இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களில் மூன்று பேர் அதை அதுவரை யாரிடமும் சொன்னதே இல்லை. யாரும் கேட்டதில்லையாம்.

பிறகு கல்யாணமாகிச் சேலத்துக்கு வந்தேன். வேறு ஆபீஸ்கள், வேறு கம்ப்யூட்டர்கள் என்று முப்பது வருஷம் ஓடிவிட்டது. இதே வேலையில் நல்ல பெயரும் எடுத்தேன். எதைத் தேடினாலும் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்வார்கள். தேட ஆரம்பிக்கும் முன் எதிரில் நிற்கிறவரை உட்காரவைத்து, அவருக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லச் சொல்வேன், வேறு வித்தை எதுவும் என்னிடம் இல்லை. அந்த அக்கா ஐப்பசியில் கிளம்பிய அன்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நீங்கதான் சாமி என் தாலியக் காப்பாத்துனீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னவளை நம்பி, கேட்டதும் மறுபடி வாய் திறந்து பேசிய அவருக்குத்தான் நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும் என்று புரிவதற்குள், அவர் படியிறங்கித் தன் கணவரை மெதுவாக நடத்திக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டிருந்தார்.